ஒதுக்கமும் ஓய்வும்

பெண்ணின் கருப்பை திங்கள்தோறும் ஒரு கருவை ஏற்கத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. அதன் உட்சுவரில் குருதி மிக்க மெல்லிய படுகை ஒன்று வளர்கிறது. கரு தங்கினால் அப்படுகையில் வேரூன்றி வளரும். தங்காவிடின் படுகை கலைந்து வெளியேறும். இதுவே மாதவிடாய். உயிரைத் தாங்க அமைந்த படுகை, தாங்காதபோது 'தீட்டு' எனப் பெயர் பெறுவது விந்தையன்றோ?

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. முருகன் கோயிலில் கலங்களைத் தீண்டாது விலகி நிற்கும் மகளிரைப் புறநானூற்றின் 299ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகிறது. எனினும் பண்டையோர் இதனைப் பேச நாணவில்லை. தொல்காப்பியர் கற்பியலிலேயே பூப்பைக் குறிப்பிட்டு, அதன்பின் வரும் பன்னிரண்டு நாளும் தலைவன் பிரிந்திருத்தல் ஆகாது என்கிறார். அது கருத்தரித்தற்குரிய காலம் என்பது உரையாசிரியர் கருத்து.

விலக்கும் வழக்கம் இன்றுவரை வேரற்றுப் போகவில்லை. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரம் முதலிய சில சிற்றூர்களில், அந்நாள்களில் மகளிர் வீட்டைவிட்டு நீங்கி, அதற்கென அமைந்த பொது இல்லத்தில் தங்கும் வழக்கம் 2020ஆம் ஆண்டளவிலும் இருந்தது. பிள்ளை பெற்றவளும் குழந்தையோடு அங்கேயே தங்குவாள். தெய்வத்துக்கு அஞ்சி ஒழுகுவதாக ஊரார் கூறுவர். மகளிர்க்கு ஓய்வு கிடைக்கிறதே என்பாரும் உளர். ஓய்வு நன்றே. ஆனால் நடுயாமத்தில் குருதிப்போக்கு மிகுந்தாலும் வீட்டு வாயிலை மிதிக்கக் கூடாதெனின், அஃது ஓய்வாகாது.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் நிலை வேறு. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் மகளிர் பலர் உழைக்கின்றனர். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவள் எழுந்து சென்றால் கூலி குறையும். அவளுக்கு வீட்டில் ஒதுக்கம் உண்டு. வேலையில் ஓய்வு இல்லை. கழிப்பிடம் தொலைவாயின் துணி மாற்றத் தயங்குவாள்; தண்ணீர் குடிப்பதையும் குறைப்பாள். இரண்டும் நோய்க்கு வழி.

இதனினும் பெரிய கேடு சோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 100க்கு 53 பேர் குருதிச் சோகை உடையவர். மாதந்தோறும் இழக்கும் இரும்புச்சத்தை உணவு ஈடுசெய்யாதபோது மூச்சிரைப்பும் மயக்கமும் தோன்றும். அவற்றைக் 'கண் பட்டது' என்று கழிப்புக் கழிப்பதால் குருதி ஊறாது. கீரையும் பயறும் வேண்டும். நெல்லிக்காய் சேர்த்துண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் பருகினால் குறையும். சோகையுற்றவளுக்குப் பேற்றின்போது குருதிப்போக்கு மிகுந்தால் உயிருக்கே இடராகும்.

ஆலைகளில் பணிபுரிவோர்க்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரப் பேறுகால விடுப்பை ஊதியத்துடன் அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 26 வாரமாக்கிற்று. வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுபவளுக்கு இவ்விடுப்பு எட்டாது. அவளுக்கும் உதவக்கூடியது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழக அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018இல் அவ்வுதவி, ஊட்டப்பொருள்களும் சேர்த்து, 18,000 ரூபாய் ஆயிற்று. அதன் முதல் தவணைக்குக் கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிவு செய்தல் வேண்டும் என்றது விதி. மூன்று திங்கள் நிறையுமுன் வெளியிற் சொல்லலாகாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். 12 வாரம் என்பதும் ஏறக்குறைய அம்மூன்று திங்களே.