கப்பற் கட்டணமும் சரக்கின் இயல்பும்

மத்திய கிழக்கு நாடுகளில் தொழில் புரியும் நம்மவர்கள் வீட்டுக்குப் பொருட்களை அனுப்பும்போது ஓர் உண்மையை அனுபவத்தில் அறிந்துகொள்கின்றனர். விமானத்தில் அனுப்பினால் கிலோவுக்குக் கணக்கு. கப்பலில் அனுப்பினால் பெட்டியின் பருமனுக்குக் கணக்கு. எனவேதான் கப்பலில் வரும் பெட்டிக்குள் பால்மாவும் சவர்க்காரமும் போர்வையும் ஒரு விரல் இடைவெளியும் இல்லாதவாறு அமுக்கி நிரப்பப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். கடல் கடந்து செல்லும் சரக்குகளுக்கான கட்டணம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது என்ற பெரிய கேள்விக்கான விடையின் முதற்பாதி இந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. மறுபாதி சற்றுச் சிக்கலானது. அதனை அறியாமையால் எமது சிறு ஏற்றுமதியாளர்கள் பலர் இலாபத்தைக் கடலிலேயே கரைத்துவிடுகின்றனர்.

ஒரு கப்பலிடம் விற்பனைக்கு இருப்பவை இரண்டு. ஒன்று இடம், மற்றையது சுமை தாங்கும் வலு. இரும்புக் கம்பிகளை மாத்திரம் ஏற்றினால் கப்பல் பாரத்தினால் தாழ்ந்துவிடும்; ஆனால் அதன் அறைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். மெத்தைகளை மாத்திரம் ஏற்றினால் அறைகள் நிரம்பிவிடும். கப்பலோ பாதி வலுவைக்கூடப் பயன்படுத்தாது மிதந்து செல்லும். இரண்டிலும் கப்பல் உரிமையாளருக்கு நட்டமே. ஆகவே எது முதலில் தீர்ந்துபோகின்றதோ அதற்கே அவர் விலை கூறுகின்றார். ஆங்கிலத்தில் எடையைக் குறிக்கும் 'தொன்' என்ற சொல்லே திராட்சை மதுவை நிரப்பிய பெரும் பீப்பாயின் பெயரிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி. ஒரு கப்பல் எத்தனை பீப்பாய்களைக் கொள்ளும் என்பதே அந்நாளில் அதன் அளவாக இருந்தது. இடமும் எடையும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த காலம் அது.

கொள்கலன்களிலும் இதே விதிதான். 20 அடிக் கொள்கலன் ஒன்றின் உட்பருமன் ஏறத்தாழ 33 கன மீற்றர்; அதற்குள் ஏற்றக்கூடிய உச்ச எடை ஏறத்தாழ 28 தொன். உயரம் கூடிய 40 அடிக் கொள்கலனின் உட்பருமன் ஏறத்தாழ 76 கன மீற்றர். ஆனால் அது தாங்கும் எடையோ 26 தொன் அளவில் நின்றுவிடுகின்றது. நீளம் இரட்டிப்பான போதிலும் தாங்கும் எடை அதிகரிக்கவில்லை. ஆகையால் பாரமான சரக்குக்குச் சிறிய கொள்கலனும், பருத்த சரக்குக்குப் பெரிய கொள்கலனும் பொருத்தமானவை.

முழுக் கொள்கலனுக்குரிய சரக்கு இல்லாதவர்கள், பலரது பொதிகளுடன் தமது பொதியையும் சேர்த்து அனுப்புகின்றனர். இங்கு ஒரு கன மீற்றரும் ஒரு தொன்னும் சமமாகக் கொள்ளப்பட்டு, இவ்விரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் அறவிடப்படுகின்றது. வடக்கில் பனையோலைப் பெட்டிகளையும் கூடைகளையும் பின்னும் ஒரு மகளிர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் பொருட்களின் எடை 200 கிலோ. அவை அடைக்கும் இடமோ 3 கன மீற்றர் எனில், 200 கிலோவுக்கல்ல, 3 தொன்னுக்குரிய கட்டணத்தையே அவ்வமைப்பு செலுத்தவேண்டி வரும். அதாவது கட்டணத்தின் பெரும்பகுதி பெட்டிகளுக்குள் இருக்கும் வெறும் காற்றுக்கே செலுத்தப்படுகின்றது. அதே கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகத்தக்க வகையில் படிமுறை அளவுகளில், அடி சற்றே ஒடுங்கியதாகப் பின்னியிருந்தால் முழுத்தொகையையும் ஒரு கன மீற்றருக்குள் அடக்கிவிடலாம். கட்டணம் மூன்றிலொன்றாகக் குறையும். எமது பாட்டிமார் அடுக்குப்பெட்டிகளை அவ்வாறுதான் பின்னினர் என்பதை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை.

இதற்கு மேலும் சிறந்த உதாரணத்தைத் தென்னை தந்திருக்கின்றது. தென்னந்தும்பைப் பிரித்தெடுக்கும்போது எஞ்சும் தும்புத்தூள், ஒரு காலத்தில் ஆலைகளின் அருகே குவிந்து கிடந்த கழிவு. இன்று வெளிநாட்டுப் பண்ணைகளில் மண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் ஊடகமாக அது ஏற்றுமதியாகின்றது. உலர்ந்த தும்புத்தூள் தளர்வாக இருக்கும்போது ஒரு கன மீற்றரின் எடை சுமார் 80 கிலோ மாத்திரமே. 76 கன மீற்றர் கொண்ட பெரிய கொள்கலனை அதனால் நிரப்பினாலும் 6 தொன் அளவே அடங்கும். ஆனால் அதனை இயந்திரத்தால் அழுத்தி 5 கிலோ கட்டிகளாக்கினால் அதே கொள்கலனில் ஏறத்தாழ 24 தொன் ஏற்றிவிடலாம். கொள்கலனுக்கான கட்டணம் 2,000 டொலர் என வைத்துக்கொண்டால், தளர்வான தூளுக்குத் தொன் ஒன்றுக்கு 333 டொலரும், அழுத்திய கட்டிக்கு 83 டொலரும் விழுகின்றது. ஒரு கைத்தொழிலே அழுத்தும் இயந்திரத்தில் தங்கியிருக்கின்றது என்றால் அது மிகையன்று. வாங்குபவர் தனது நாட்டில் தண்ணீரை ஊற்றி அதனை மீண்டும் பெருக்கவைத்துக்கொள்கின்றார். தண்ணீரையும் காற்றையும் கப்பலில் ஏற்றவேண்டிய தேவை இருவருக்குமே இல்லை.

விமானத்தில் கிலோவுக்கே கணக்கு என ஆரம்பத்தில் கூறினோம். அதுவும் முழு உண்மையன்று. பொதியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் வகுத்து வரும் தொகை, உண்மையான எடையிலும் கூடுதலாக இருப்பின் அதுவே கட்டணத்துக்குரிய எடையாகும். 60, 40, 40 சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு பெட்டிக்கு இவ்வாறு 16 கிலோ வருகின்றது. அதற்குள் 8 கிலோ கீரையும் இலைமரக்கறியும் மாத்திரமே இருந்தாலும் 16 கிலோவுக்கே பணம் செலுத்தவேண்டும். மாறாக, குளிர்ந்த டூனா மீனை அனுப்புபவர் பனிக்கட்டியின் எடைக்கும் சேர்த்துச் செலுத்துகின்றார். உயிர் நண்டின் கால்களைக் கட்டி அனுப்புவது அவை ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாதிருக்கவே எனினும், நெருக்கமாக அடுக்குவதற்கும் அது துணைபுரிகின்றது.

எடையும் பருமனும் அளவுகோலால் அறியக்கூடியவை. சரக்கின் குணமோ அவ்வாறானதன்று. அமெரிக்காவில் லொறிகளில் செல்லும் சில்லறைச் சரக்குகளை வகைப்படுத்துகையில் அடர்த்தி, அடுக்கும் இயல்பு, கையாளும் இயல்பு, சேதம் நேர்ந்தால் ஏற்படும் பொறுப்பு ஆகிய நான்கும் நீண்டகாலமாகக் கவனத்திற் கொள்ளப்பட்டு வந்துள்ளன. கடலிலும் பெயர்கள் வேறாயினும் கணக்கு இதுவே.

எமது தேயிலையை எடுத்துக்கொண்டால், அது ஈரத்தையும் வாசனையையும் உடனே உறிஞ்சிவிடும் பண்டம். முன்னர் தோலோ மீன்மாவோ ஏற்றிய கொள்கலன் அதற்கு ஆகாது. உலர்ந்த, மணமற்ற, ஒழுகாத கொள்கலனே தேவை. கறுவாவும் தேயிலையும் இரண்டுமே இந்நாட்டின் பெருமைகள். எனினும் ஒரே கொள்கலனில் அவற்றை அனுப்புதல் அறிவீனம். செவ்விளநீருக்கோ குளிரூட்டப்பட்ட கொள்கலன் வேண்டும். அக்கொள்கலன் விலை கூடியது. பயணம் முழுவதும் மின்சாரத்தை உண்பது. கப்பலில் அதற்கென மின் இணைப்புள்ள இடங்களும் குறைவு. எனவே கட்டணமும் உயர்கின்றது. குளிரூட்டிய இடத்தில் மட்டையைச் சுமந்து செல்வதில் பயனில்லை என்பதாலேயே ஏற்றுமதியாளர்கள் செவ்விளநீரின் மேல்மட்டையைச் சீவி அனுப்புகின்றனர்.

பெறுமதி என்ற விடயத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டியுள்ளது. ஒரு கொள்கலனில் 20 தொன் தேயிலை செல்வதாகவும் கிலோவின் விலை 5 டொலர் எனவும் கொள்வோம். சரக்கின் பெறுமதி ஒரு இலட்சம் டொலர். 2,000 டொலர் கப்பற் கட்டணம் அதில் நூற்றுக்கு இரண்டு. 24 தொன் தும்புத்தூள் தொன் 250 டொலர் எனக் கொண்டால் பெறுமதி 6,000 டொலர். அதே கட்டணம் இங்கு மூன்றிலொரு பங்கு. இனிக் கட்டணம் 10,000 டொலராக உயர்ந்தால் நிலைமை என்ன? தேயிலை ஏற்றுமதியாளர் நூற்றுக்குப் பத்தை இழந்து தத்தளிப்பார். தும்புத்தூள் ஏற்றுமதியாளருக்கோ சரக்கின் விலையை விடவும் கப்பற் கட்டணம் மிகுந்துவிடும். இது வெறும் கற்பனையன்று. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2021 செப்டெம்பரில், உலகின் பிரதான கடற்பாதைகளில் 40 அடிக் கொள்கலனின் சராசரிக் கட்டணம் 10,000 டொலரைத் தாண்டியது. 2023இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் ஆரம்பித்ததும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்து, ஐரோப்பாவுக்கான கட்டணங்கள் மீண்டும் உயர்ந்தன. இத்தகைய வேளைகளில் முதலில் வீழ்பவை பருத்த, மலிந்த பண்டங்களே. அவற்றை நம்பியிருப்பவர்கள் குருநாகலிலும் புத்தளத்திலும் உள்ள தும்பாலைத் தொழிலாளர்கள் என்பதைக் கொள்கை வகுப்போர் மறந்துவிடலாகாது.

அதேவேளை, 'பெறுமதி சேர்த்தல்' என மேடைகளில் முழங்குவோர் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. சாக்கில் அடைத்த தேயிலையை விடத் தேயிலைப் பைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகள் பல மடங்கு இடத்தை விழுங்கும். கிலோவுக்கான கப்பற் கட்டணம் நிச்சயமாக உயரும். விலை அதனிலும் மேலாக உயர்ந்தால் மாத்திரமே பெறுமதி சேர்ந்ததாகக் கொள்ளமுடியும்.

இறுதியாக ஆபத்து. தீப்பற்றும், அரிக்கும், தானே சூடேறும் சரக்குகளுக்கு மேலதிகக் கட்டணம் அறவிடப்படுகின்றது. கப்பலில் அவை வைக்கப்படும் இடமும் கட்டுப்படுத்தப்படுகின்றது. இது அநீதியெனச் சிலர் கருதுகின்றனர். 2021 மே 20ஆந் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நினைத்துப் பார்ப்பின் அவ்வாறு கூற மனம் வராது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன; 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிவதை அறிந்து, கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அக்கொள்கலனை இறக்க முயன்றபோது இடமளிக்கப்படவில்லை. முடிவில் எமது கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் தொழிலிழந்தனர். 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு எமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஒரு கொள்கலன் சரியாகப் பொதியிடப்படாததன் விலை அது.

கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகச் சரக்கின் பெயரையே மாற்றி அறிவிப்போரும் உளர். 2019 மே மாதம் தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்து எரிந்தமைக்கு, உரிய முறையில் அறிவிக்கப்படாத இரசாயனங்கள் காரணமெனத் தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜேர்மனியின் ஹபாக்-லொயிட் நிறுவனம், பொய்யாக அறிவிக்கப்படும் ஆபத்தான சரக்குக் கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் 15,000 டொலர் தண்டம் விதிக்கத் தீர்மானித்தது. எடையைக் குறைத்துக் காட்டுவதும் இதே வகைக் குற்றமே. 2007இல் ஆங்கிலக் கால்வாயில் சேதமுற்ற எம்.எஸ்.சி. நாப்போலி கப்பலின் தளத்திலிருந்து எடுக்கப்பட்டு நிறுக்கப்பட்ட கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்திலொன்றின் எடை, அறிவிக்கப்பட்டதிலிருந்து 3 தொன்னுக்கும் மேல் வேறுபட்டிருந்தது. 2016 ஜூலை 1 முதல் கொள்கலனின் சரிபார்க்கப்பட்ட எடையை முன்கூட்டியே வழங்குவது உலகெங்கும் கட்டாயமாக்கப்பட்டமை இத்தகைய அனுபவங்களின் பயனே.

எமக்கு நேரடியாகப் பொருந்தும் மாற்றமொன்று 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னர் கரியை ஏற்றுமதி செய்வோர், அது தானே சூடேறாது எனப் பரிசோதனைச் சான்றிதழ் காட்டி ஆபத்தான சரக்கு என்ற வகுப்பிலிருந்து விலக்குப் பெறமுடிந்தது. கப்பல்களில் தொடர்ச்சியாகத் தீ விபத்துகள் நிகழ்ந்தமையால் அந்த விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. சிரட்டைக் கரியை எரிபொருளாக அனுப்பும் சிறு உற்பத்தியாளரும் இனி அதனை ஆபத்தான சரக்கெனவே அறிவித்து, அதற்குரிய பொதியிடலையும் கட்டணத்தையும் ஏற்கவேண்டும். நீராவியால் கிளர்வூட்டப்பட்ட கரிக்கு இவ்விதி பொருந்தாது என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆவணங்களில் தெளிவாகக் காட்டுவதும் அவசியம்.

பெரிய நிறுவனங்களிடம் இவற்றைக் கவனிக்கத் தனிப் பிரிவுகள் உள்ளன. சிரட்டையைச் சுடுபவரிடமும் கூடை பின்னுபவரிடமும் அவ்வாறு எவரும் இல்லை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் தென்னை, பனை அபிவிருத்திக்குப் பொறுப்பான நிறுவனங்களும் நடத்தும் பயிற்சிகளில் சந்தையைப் பற்றிக் கூறப்படும் அளவுக்குப் பெட்டியின் அளவைப் பற்றியும் கூறப்படவேண்டும்; அதுவும் தமிழிலும் சிங்களத்திலும், பொருள் செய்து முடிக்கப்பட்ட பின்னரன்றி அதனை வடிவமைக்கும் வேளையிலேயே கூறப்படவேண்டும்.