தறியிலும் வயலிலும் விஞ்ஞானப் பரிசோதனை

பள்ளிகளில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெறும் காலம் வந்துவிட்டால் நமது அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. பிள்ளை ஏதேனும் ஒரு மாதிரியைச் செய்துகொண்டு போகவேண்டும். தகப்பனார் கடைக்கு ஓடுகிறார். தெர்மாகோலில் செய்த எரிமலை ஒன்று விலைக்கு வந்து சேர்கிறது. கண்காட்சி முடிந்த மறுநாள் அது குப்பையில் கிடக்கிறது. கடலூர் மாவட்டத்தில் எரிமலை இல்லை. தறி உண்டு, வயல் உண்டு, உப்புக் கரிக்கும் கிணறும் உண்டு. இவற்றை விட்டுவிட்டு நம் பிள்ளைகள் எரிமலையை நாடுவானேன்?

1993ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இதற்கு நல்ல வழி காட்டியது. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து ஆராய்ந்து, முடிவை எழுதிக் கொணரவேண்டும் என்பது அதன் முறை. அம்முறையைப் பின்பற்றி, உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் அதிகப் பொருட்செலவின்றிச் செய்யக்கூடிய மூன்று பரிசோதனைகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, நூலைப் பற்றியது. குறிஞ்சிப்பாடிப் பகுதியில் கைலி நெய்யும் குடும்பங்களுக்கு நூலின் நம்பர் மனப்பாடம். ஆனால் அந்த நம்பரின் பொருள் என்ன? 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல், அதாவது 453.6 கிராம் நிறுத்தால், அது 40ஆம் நம்பர் நூல். ஆகவே ஒரு சிட்டத்தின் எடை 11.34 கிராம் இருத்தல் வேண்டும். முழுச் சிட்டத்தையும் பிரிக்கவேண்டியதில்லை. 54 அங்குலச் சுற்றளவுள்ள சட்டத்தில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம் ஆகும். அதைப் பள்ளித் தராசில் நிறுத்து ஏழால் பெருக்கினால் போதும்.

எடை கூடுதலாக இருந்தால் நூல் தடிப்பு என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றும் உலர்ந்த நூல் 100 கிராமுக்கு 8.5 கிராம் ஈரம் சேர்த்துக் கணக்கிடுவதே வியாபார வழக்கம். எனவே அதே சிட்டத்தை ஆய்வுக்கூடத்து உலர்த்தும் அடுப்பில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தினால், சுமார் 10.45 கிராம் நிற்கவேண்டும். அதற்கு மேல் நின்றால் குற்றம் நூலினுடையது. சரியாக நின்றால் கூடுதல் எடை ஈரத்தினுடையது. ஒரே சிட்டத்தைச் சித்திரையிலும் கார்த்திகை மழையிலும் நிறுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐந்து கிலோக் கட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் மிகுந்தாலும் 100 கிராம் தண்ணீருக்கு நாம் விலை கொடுத்தவர்களாகிறோம். சங்கத்திற்கு இது சிறிய செய்தி அன்று.

இரண்டாவது, உப்பைப் பற்றியது. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதன் கொடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த நிலங்கள் பட்ட பாட்டை அவர்கள் அறிவார்கள். ஒரு லிட்டர் கிணற்று நீரைச் சுண்டக் காய்ச்சி, எஞ்சிய படிவை நிறுத்தால், அந்நீரில் கரைந்துள்ள உப்புக்களின் அளவு ஏறக்குறையக் கிடைக்கும். குடிநீரில் 0.5 கிராம் வரை நலம் என்பதும், வேறு நீர் கிட்டாத இடத்தில் 2 கிராம் வரை கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரிலோ சுமார் 35 கிராம் உண்டு. கடற்கரையிலிருந்து கிணறுகளின் தூரத்தையும் குறித்துக்கொண்டு, கோடையில் ஒரு முறையும் மழைக்குப்பின் ஒரு முறையும் அளந்தால் ஊருக்கே ஒரு உப்புப் படம் தயாராகிவிடும்.

இதனோடு நெல்லையும் சோதிக்கலாம். லிட்டருக்கு 0, 2, 4, 8, 12 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஐம்பது ஐம்பது விதைகளை முளைக்க வைக்கவேண்டும். ஏழாம் நாள் முளைகளை எண்ணியதும் வேலை முடிந்ததென்று எண்ணக்கூடாது. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளம் நாற்றாக இருக்கும்போதுதான் வாடும். மூன்று வாரமேனும் கவனித்து வந்தாலன்றி உண்மை வெளிப்படாது.

உப்பை அளப்பதால் பயன் உண்டோ என்று ஐயுறுவோருக்குச் சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரம் சான்று. அங்கே முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து மரமே முளைக்காமற் போயிற்று. காரணத்தைக் கண்டறிந்தபின், 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தன. பொட்டல்கள் மீண்டும் அலையாத்திக் காடாயின.

மூன்றாவது, சாயத்தைப் பற்றியது. ஒரே கைலித் துணியில் சில துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, 10, 20, 30 நாட்கள் வெயிலில் வைக்கவேண்டும். மூடிய பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டால் எந்தச் சாயம் நிற்கும், எது வெளுக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

எந்தப் பரிசோதனையையும் மும்முறை செய்தல் வேண்டும். எதிர்பார்த்தது வராவிடினும் வந்ததையே எழுதுதல் வேண்டும். ஐயம் எழுந்தால் கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம், பாலூர்க் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் ஆகியவற்றிலுள்ள அறிஞர்களை ஆசிரியர் வாயிலாகக் கேட்கலாம்.

தறியும் ஏரும் படிக்காதவர்க்கு உரியவை என்று எண்ணும்படி நம் பிள்ளைகளை நாமே வளர்த்துவிட்டோம். தகப்பனார் கைப்பழக்கத்தால் அறிந்ததை மகனோ மகளோ அளந்து எழுதும் நாளில் அவ்வெண்ணம் மாறும். ஆகவே கூட்டுறவுச் சங்கங்கள் கழிவு நூலையும் விதையையும் மாணாக்கருக்கு மனமுவந்து அளிக்குமாறும், பொதுக்குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி அவர்கள் கண்ட முடிவுகளைக் கேட்குமாறும் வேண்டுகிறோம்.