மேலாளர் சைக்கிளில் வந்த மாவட்டம்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் உண்மையில் வேலைதான் பார்க்கிறாரா? 2020 மார்ச் ஊரடங்கு முதல் பல மேலாளர்களை அரிக்கும் கேள்வி இது. விடை தேடிச் சில நிறுவனங்கள் மென்பொருள் வாங்கின. விசைப்பலகை எத்தனை முறை தட்டப்பட்டது, மவுஸ் கடைசியாக எப்போது நகர்ந்தது, கணினித் திரையில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் அது கணக்கெடுக்கும். மவுஸைத் தானாக நகர்த்திக்கொண்டே இருக்கும் கருவிக்கும் சந்தையில் கிராக்கி கூடியது. கண்காணிப்புக்கு ஊழியர்கள் சொன்ன பதில் அது.

கண்ணுக்கு எட்டாத ஆட்களை வைத்து வேலை நடத்தும் சிக்கல் தகவல் தொழில்நுட்பத் துறையோடு பிறந்ததல்ல. அதைவிடக் கடினமான ஒன்றைப் புதுக்கோட்டை மாவட்டம் 1991-92லேயே கையில் எடுத்தது. அதுதான் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அந்தப் பாதையில் அடுத்து இறங்கிய மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். மாவட்ட நிர்வாகத்தோடு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் கல்லூரி ஆசிரியர்களும் இளைஞர்களும் சேர்ந்தார்கள். மேற்கே விராலிமலை, கிழக்கே கடலோர மணமேல்குடி. இடையில் கந்தர்வகோட்டை, அறந்தாங்கி, திருமயம் என இன்று 13 ஒன்றியங்களாக இருக்கும் பரப்பு முழுக்க ஆயிரக்கணக்கான தொண்டர்கள். வயல் வேலையும் கல் குவாரி வேலையும் முடித்து வருபவர்களுக்கு மாலையில் பாடம். ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். சம்பளம் கிடையாது, செல்போன் கிடையாது. நாளைக்கு வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரைப் பிடித்து நிறுத்த எந்த விதியும் கிடையாது.

இப்படிப்பட்ட படையை எதை வைத்து நடத்துவது? வேலை முடிந்தது என்றால் என்ன என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட்டார்கள். தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல் இது: நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், 7 சொற்கள் பார்த்து எழுத வேண்டும், 5 சொற்கள் கேட்டு எழுத வேண்டும், 1 முதல் 100 வரை எண்கள் தெரிய வேண்டும். மூன்று பாகப் பாடநூலுக்குள்ளேயே சோதனைகளும் வைக்கப்பட்டிருந்தன. தொண்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்று யாரும் ஒளிந்து பார்க்க வேண்டியதில்லை; படிப்பவர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்று கேட்டால் போதும். இன்றைய டீம் லீடர்கள் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். வேலை எங்கே முடிகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டு, ஆள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது நடு அடுக்கு. தொண்டருக்கும் மாவட்டத் தலைமைக்கும் இடையே பயிற்சி தரும் கருத்தாளர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் இருந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, புத்தகம் வந்து சேரவில்லை, நடவு தொடங்கியதால் வகுப்புக்கு ஆளே வருவதில்லை என்பவையெல்லாம் மேலே போய்ச் சேர வேண்டுமானால் யாராவது அந்த ஊருக்கு நேரில் போக வேண்டும். பேருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு முறை வந்தாலே பெரிது என்றிருந்த கிராமங்கள் அவை. தொண்டர்களில் பெண்கள் ஏராளம். ஒவ்வொரு ஊருக்கும் போக அண்ணனையோ கணவரையோ எதிர்பார்த்திருந்தால் இயக்கம் நகராது.

சைக்கிள் இங்கேதான் வருகிறது. முதலில் இயக்கத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பிறகு எழுத்துக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஆட்சியர் வங்கிகளிடம் பேசிச் சைக்கிளுக்குக் கடன் கிடைக்கச் செய்தார். ஒன்றியங்களுக்கு இதில் பொறுப்பும் ஒதுக்கினார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்துக்குள் ஓட்டிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். யுனிசெஃப் 50 மொபெட்டுகளுக்கு ஒப்புதல் அளித்ததையும் அவர் குறிப்பிடுகிறார். பெண் விடுதலைக் கதையாக இது நாடு முழுக்கப் பேசப்பட்டது, நியாயமாகவே. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இதில் இன்னொன்றும் தெரிகிறது: நடு அடுக்கில் வேலை செய்பவருக்குத் தன் ஆட்களிடம் போய்ச் சேர ஒரு வாகனத்தை உறுதி செய்ததுதான் அது.

எல்லாம் என்றைக்கும் இப்படியே ஓடவில்லை. தீவிர இயக்கமாக இருந்த நாட்களின் வேகம், பின்னாளில் அது தொடர்கல்வித் திட்டமாக மாறியபோது இல்லை. ஊதியமில்லாத உற்சாகத்துக்கு ஆயுள் குறைவு. 2021 அக்டோபரில் தமிழக அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தது. வருகைப் பதிவுக்குச் செயலி வந்தது, தகவலுக்கு டெலிகிராம் குழுக்கள் வந்தன. அப்போதும் ஒன்றிய அளவில் ஒருங்கிணைப்பாளர்களாக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். செயலி வந்துவிட்டதால் அந்த ஆள் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

தனியார் நிறுவனங்கள் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது பெரும்பாலும் அந்த நடு அடுக்கு ஆளைத்தான். ஒரே டீம் லீடருக்குக் கீழே முப்பது பேரைக் கொடுத்துவிட்டுக் காலையில் கால் மணி நேர வீடியோ அழைப்பு வைத்தால், ஆளுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளெல்லாம் மின்சாரம் இல்லை என்பதையோ, வீட்டில் நோயாளி இருப்பதையோ, கொடுத்த வேலையே புரியவில்லை என்பதையோ அந்த அரை நிமிடத்தில், முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, யார் சொல்வார்கள்? தேவைப்படுவது இதுதான்: பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர், வாரத்துக்கு ஒருமுறை தனித்தனியாகப் பேச நேரம், ஆண்டுக்குச் சிலமுறை நேரில் போய்ப் பார்க்கப் பயணப்படி. கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தை இதற்கு மாற்றலாம். சென்னையிலிருந்து புதுக்கோட்டை ஓர் இரவு ரயில் பயணம்தான்.