மூக்கடைப்பும் சைனஸ் தலைவலியும்

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் அமைந்த காற்றறைகளைக் குறிக்கும். நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் என நான்கு இணைகளாக இவை உள்ளன. இவற்றில் சுரக்கும் சளி சிறு துளைகள் வழியே மூக்கில் வடிகிறது. உட்சவ்வு வீங்கித் துளை அடைபட்டால் சளி தேங்கி முகத்தில் பாரமும் வலியும் உண்டாகின்றன. சித்த மருத்துவம் இதனைப் பீனிசம் என்கிறது.

காரணங்கள்

சளிக்காய்ச்சல், ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைவு, மூக்கினுள் வளரும் சதை ஆகியவை முக்கியக் காரணங்கள். புகையும் புழுதியும் தொல்லையைக் கூட்டும். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் வழியாகச் செல்லும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில், கார்த்திகை தீப நாட்களில் பெருங்கூட்டம் கிளப்பும் புழுதியும் கற்பூரப் புகையும் ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கை உறுத்தக்கூடும். அவர்கள் முகக்கவசம் அணிந்து நடப்பது நல்லது.

தணிக்கும் வழிகள்

- உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் சளியை இளக்கும். யோகத்தில் இது ஜலநேதி எனப்படும். கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கவல்லது. கேரளத்தில் 2024-இல் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் சிறுவர்கள் இறந்தனர்.
- ஆவி பிடித்தல் சற்று இதமளிக்கும். கொதிநீர் கவிழ்ந்து புண்படும் என்பதால் சிறுவர்களுக்கு இது ஏற்றதன்று.
- மூக்கடைப்பை உடனே நீக்கும் சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், அம்மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

அடைப்பு 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சைனஸ் தலைவலி என்று பலர் கருதுவது உண்மையில் ஒற்றைத் தலைவலியாக இருப்பதுண்டு; அதற்கான சிகிச்சை வேறு.