கச்சேரியின் ஆண்டறிக்கையை எப்படி வாசிப்பது?

கச்சேரிகள் என்று நாம் சொல்லும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்கள் ஒவ்வோர் ஆண்டும் தாங்கள் செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கின்றன. வருடாந்த செயலாற்றுகை அறிக்கை என்பது அதன் பெயர். அது நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, நாடாளுமன்ற இணையத்தளத்தில் வெளியாகும். காசு கட்டாமல் யாரும் இறக்கி வாசிக்கலாம். கச்சேரிக்கு நூறு தடவை ஏறி இறங்கியவர்கள்கூட இப்படி ஒன்று இருப்பதை அறியமாட்டார்கள். மற்ற மாவட்டத்தாரைவிட வன்னியில் இருப்பவர்களே இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

காரணம் 2009இல் இருக்கிறது. இறுதிப் போர் நடந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில், வன்னிக்குள் பணியிலிருந்த உதவி அரசாங்க அதிபர் ஒருவர், அங்கே சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் என்று கொழும்புக்கு எழுதினார். அந்தக் கணக்கு ஆதாரமற்றது என்று பதில் வந்தது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. அரசாங்கம் அப்போது சொல்லிவந்த எண்ணிக்கை 70 ஆயிரம் அளவில்தான் இருந்தது. யூலை மாதம் ஐ.நா. வெளியிட்ட கணக்கின்படி, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் மட்டும் 282,380 பேர். களத்தில் நின்று எண்ணியவரின் கணக்கே உண்மைக்கு அருகில் இருந்தது. எண்ணிக்கை குறைத்துச் சொல்லப்பட்டால் உணவும் மருந்தும் குறைத்தே அனுப்பப்படும். அந்த மாதங்களை வாழ்ந்து கடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கச்சேரிப் பதிவுகள் பிறகும் பேசின. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். வந்துசேர்ந்தவர்கள் மேலே சொன்ன 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அரசாங்க அலுவலகமே வைத்திருந்த கணக்கிலிருந்து பிறந்த கேள்வி அது. ஆயர் 2021இல் மறைந்துவிட்டார். கேள்வி இன்னும் நிற்கிறது.

இனி இன்றைய அறிக்கைக்கு வருவோம். 2020இல் நிதி அமைச்சு விடுத்த சுற்றறிக்கை ஒன்று, எல்லா அரச நிறுவனங்களும் ஒரே மாதிரிப் படிவத்தில் அறிக்கை எழுத வேண்டும் என்றது. ஏழு அத்தியாயங்கள் கொண்ட படிவம் அது. நான்காம் அத்தியாயத்தில் எதிர்பார்த்த வேலையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் அட்டவணை இருக்கிறது. அதற்கு மூன்று நிரல்கள்: 100 முதல் 90, 89 முதல் 75, 74 முதல் 50. பாதிகூட முடியாத வேலையை எழுத அதில் இடமே வைக்கவில்லை! இது மாவட்டச் செயலகத்து அலுவலர்களின் குற்றமல்ல, படிவம் அப்படித்தான் வருகிறது. நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில் 0 முதல் 49 வரை என்று ஒரு நிரல் இருக்கிறது. அங்கே முடிவது நான்காம் அத்தியாயத்தில் ஏன் முடியாது?

நிதி பற்றிய அத்தியாயத்தை வாசிக்கும்போது கவனம் வேண்டும். ஒதுக்கிய பணம் முழுவதும் செலவானால் நிதி முன்னேற்றம் நூறு சதவீதம். ஒரு குளத்தின் கட்டைத் திருத்திப் பணமும் செலவழித்தாயிற்று என்பதை அது சொல்லும். அந்தக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் கூடுதலாகத் தண்ணீர் கண்டது என்பதைச் சொல்லாது. கமக்காரனுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தெரிவது ஆறாம் அத்தியாயம். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, இப்போது இருக்கும் ஆளணி, வெற்றிடம் என மூன்று எண்கள் அங்கே இருக்கும். ஆள் குறைவு வேலையை எப்படிப் பாதித்தது என்றும் எழுத வேண்டும். பிரதேச செயலகத்தில் உங்கள் விண்ணப்பம் ஏன் மாதக்கணக்கில் கிடக்கிறது என்பதற்கான விடை சிலவேளை அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும். ஏழாம் அத்தியாயம், நிறுவனம் விதிகளைப் பின்பற்றியதா இல்லையா என்று தானே ஒப்புக்கொள்ளும் இடம். இல்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டும்.

எல்லாம் கச்சேரி அறிக்கையில் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இரணைமடுக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கின்றன. பெரும்பாலான பள்ளிக்கூடங்களும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருபவை. அந்த நிர்வாகத்தைச் சபையில் எழுந்து கேள்வி கேட்க வேண்டிய வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து கலைந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே கேட்கும் பொறுப்பு ஊரவர்களின் தலையில் விழுந்திருக்கிறது.

அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வேலைத்திட்டம் தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் பொதுமக்களுக்கும் விவரம் தர வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. வெளிநாட்டு நிதியென்றால் எல்லை 1 இலட்சம் அமெரிக்க டொலர். மற்றத் தகவல்களுக்கு அந்தந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கமக்காரர் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அடுத்த கூட்டத்துக்கு முன் தங்கள் மாவட்டத்தின் கடைசி அறிக்கையை இறக்கி, தங்கள் பிரதேச செயலகம் பற்றிய பக்கங்களைப் படியெடுத்து உறுப்பினர்களிடம் கொடுங்கள். அதில் இல்லாத எண்ணை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைக் கையளித்ததும், பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்க மறக்காதீர்கள்.