பை-வயரிங்: 8 ஓம் 4 ஆகுமா?

ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு ஜோடி டெர்மினல் இருக்கு. இரண்டுக்கும் தனி வயர் இழுத்தால் 8 ஓம் பாதியாகி ஆம்ப் புகைஞ்சிடுமோ என்று பலருக்குப் பயம். ஆகாது. மேல் ஜோடி ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி வூஃபருக்கு. உள்ளிருக்கும் கிராஸ்ஓவரால், தாழ்ந்த அதிர்வெண்ணில் ட்வீட்டர் பக்கம் கிட்டத்தட்ட திறந்த சுற்று. உயர் அதிர்வெண்ணில் வூஃபர் பக்கம் அப்படி. முன்பு உலோகப் பட்டை செய்த இணைப்பு இப்போது ஆம்ப் முனைக்கு நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். (இதனால் ஒலியே மாறிடும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.)

நிஜமாகவே 4 ஓம் ஆவது, ஏ, பி இரண்டிலும் முழு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் ஓட்டும்போதுதான். சில ஆம்ப்களில் ஏ+பி சுவிட்ச் அவற்றைத் தொடராக இணைக்கும். அந்த ஏ, பியில் பை-வயர் செய்தால் ட்வீட்டர் பக்கமும் வூஃபர் பக்கமும் ஒன்றையொன்று மறித்து, சத்தமே சரியா வராது. அப்படிப்பட்ட ஆம்ப் என்றால் இரண்டு வயரையும் ஏ-யிலேயே மாட்டுங்க.