சோதனைக்கு முதல் நாள் இரவு பிள்ளை தூங்கட்டும்!

"நாளைக்குப் பிள்ளைக்குச் சோதனை. இன்று ராத்திரி எத்தனை மணி வரைக்கும் படிக்க வைக்கலாம், டீச்சர்?" என்று தோட்டத்துத் தாய்மார்கள் என்னைக் கேட்பதுண்டு. எத்தனை மணிக்குத் தூங்க வைக்கலாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் என் சித்தி மகள் இருக்கிறாள். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் அடுக்குமாடி வீடு. ஒரு முறை அங்கே தங்கியிருந்தபோது, இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையற்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள், கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கோப்பி ஆறிப் போயிருந்தது. 1960 முதல் அங்கே நடந்துவரும் பி.எஸ்.எல்.இ. சோதனை அவளுக்கு.

"காலையில கணக்குப் பேப்பர், அக்கா. ஒரு ராத்திரிதானே, பரவாயில்லை" என்றாள் தாய்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவள்.

நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். இருந்த காலம் அது. 2021-ல் அதை எடுத்துவிட்டார்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தாய் பால்மரம் வெட்டுபவர். நாலரை மணிக்கே வீடு எழுந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை, கணக்கில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். "ஒரு ராத்திரி கண் விழித்தால் உயிரா போய்விடும்? புத்தகம் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடு" என்று நானே சொல்லி அனுப்பினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, கேட்டான். மறுநாள் வினாத்தாள் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டான். "எல்லாம் தெரிஞ்சதுதான் டீச்சர், ஆனா கைக்கு வரல" என்று வாசலில் நின்று அழுதான். அவன் மேல் என்ன குற்றம்? குற்றம் என்னுடையது.

ஏன் கைக்கு வரவில்லை? பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது நாம் தூங்கும்போதுதான். தூக்கத்தைப் பறித்தால், படித்தது சரியாகப் பதிவதில்லை; மறுநாள் கவனமும் நிற்பதில்லை. சிங்கப்பூரின் டியூக்-என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், 15 முதல் 19 வயது வரையுள்ள 56 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஏழு இரவும் ஐந்து மணி நேரம் மட்டுமே படுக்கை. மற்றவர்களுக்கு ஒன்பது மணி நேரம். குறைவாகத் தூங்கியவர்களுக்குக் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் இறங்கின. பிறகு இரண்டு இரவு நன்றாகத் தூங்க விட்டும் முழுதாகத் தேறவில்லை. 2016-ல் வந்த முடிவு இது. அதே ஆண்டு ஜூலையில் அங்கே நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, வகுப்பு தொடங்கும் நேரத்தை 7.30-லிருந்து 8.15-க்குத் தள்ளி வைத்தது. படிப்பில் பெயர் எடுத்த பள்ளியே தூக்கத்துக்கு இடம் கொடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சரி, எத்தனை மணி நேரம்? 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது வேண்டும். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்தரைக்கு எழுப்புவதென்றால் சிறு பிள்ளை எட்டரைக்குப் படுக்க வேண்டும். பெரிய பிள்ளை ஒன்பதரைக்குள்.

சோதனைக்கு முதல் நாள் மட்டும் திடீரென்று ஏழு மணிக்கே படுக்கச் சொல்லாதீர்கள். தூக்கம் வராமல் புரண்டு புரண்டு பயம்தான் கூடும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைப் பழக்குங்கள். பிற்பகலுக்குமேல் கோப்பி, தேநீர் வேண்டாம். அவற்றின் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். அடையாளக் கார்டு, பேனா, சீருடை எல்லாவற்றையும் மாலையிலேயே எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி தாயின் தலைமாட்டில் இருக்கட்டும். நம் லயத்து வீடுகளில் சுவர் ஒன்றுதான். அந்த ஒரு வாரம் நாடகத் தொடரின் சத்தத்தைக் குறைக்கும்படி பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். பிள்ளை படிக்கிறது என்றால் கேட்காதவர் நம்மிடையே இல்லை.

இவ்வளவு செய்தும் பயத்தில் தூக்கம் வரவில்லையென்றால்? திட்டாதீர்கள். முந்தைய நாட்களில் நன்றாகத் தூங்கிய பிள்ளையை, ஓர் இரவு பெரிதாகக் கெடுத்துவிடாது. விளக்கை அணைத்துப் பேசாமல் படுத்திருக்கச் சொன்னாலே போதும்.

அன்றிரவு சிங்கப்பூரில் நான் புத்தகத்தை மூடினேன். தாய்க்குக் கோபம்தான். "திட்டுறதை என்னைத் திட்டு. பிள்ளையைப் படுக்க விடு" என்றேன். ஐந்து மணி நேரமாவது தூங்கினாள்.

மறுநாள் வந்தவள், "தெரிஞ்சதை எல்லாம் எழுதிட்டேன், பெரியம்மா" என்றாள்.

அந்தப் பையனுக்கு நான் கொடுக்கத் தவறியது அதைத்தான். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுங்கள்.